பெயர் உங்களுடையது, குற்றம் யாருடையது?



ஒரு வீட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். மஃரிபு நேரம். வளைகுடாவில் பணிபுரியும் மூத்த மகன் தொலைபேசியில் அழைக்கிறான். வழக்கமான நலவிசாரிப்பு இல்லை. குரலில் கொதிப்பு மட்டுமே இருக்கிறது. "தங்கச்சி பேரும் படமும் போட்டு யாரோடெல்லாமோ பேச்சு நடக்குதும்மா. என் அறையில இருக்கிற பையனே எடுத்துக் காட்டுறான். நான் எப்படி நாலு பேர் முகத்துல முழிக்கிறது?"

உம்மா திரும்பி மகளைப் பார்க்கிறாள். கல்லூரியிலிருந்து வந்து புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவளால் சொல்ல முடிந்தது ஒரே வாக்கியம்தான்: "அது நானில்லை, உம்மா!"

அதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிரவே அவளுடைய கைப்பேசி பறிக்கப்படுகிறது. மறுநாள் கல்லூரி நின்றுபோகிறது. பேசி முடித்திருந்த சம்பந்தம் தள்ளிப்போகிறது. பெயரைப் பறிகொடுத்தவள் தண்டிக்கப்பட்டு விட்டாள். பெயரைத் திருடியவனோ எங்கோ ஓர் அறையில் நிம்மதியாக உறங்குகிறான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வீடு நினைவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை. பிறர் பெயரில் கணக்குத் தொடங்குவது சில நிமிட வேலையாகிவிட்ட காலம் இது. அந்தப் பெண்ணின் பெயரால் செய்யப்பட்டவற்றுக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளி யார்? இந்தக் கேள்விக்கு உரிய விடையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய குற்றம், புதிய உடை

'ஆள்மாறாட்டம்' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேறொருவராக நின்று கையெழுத்திடுபவர், தேர்வு அறையில் மற்றவருக்காக எழுதுபவர், வாக்குச்சாவடியில் பிறர் வாக்கைப் போடுபவர் என்று பல வேடங்களில் அதைக் கண்டிருக்கிறோம்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே இதற்கு விளக்கம் கூறிவிட்டது. தான் வேறொரு மனிதர் எனக் காட்டிக்கொண்டு ஒருவரை ஏமாற்றினால் அது ஆள்மாறாட்ட மோசடி. அச்சட்டம் இரண்டு எடுத்துக்காட்டுகளையும் தந்தது. தன் பெயரையே கொண்ட ஒரு செல்வந்த வங்கியாளராகத் தன்னைக் காட்டிக்கொள்பவன் குற்றவாளி. இறந்துபோன ஒருவராகத் தன்னைக் காட்டிக்கொள்பவனும் குற்றவாளி. இன்னும் ஒருபடி மேலே சென்று, பாவனை செய்யப்பட்ட மனிதர் உண்மையில் வாழ்ந்தவராக இருந்தாலும் கற்பனை மனிதராக இருந்தாலும் குற்றம் குற்றமே என்றும் அச்சட்டம் தெளிவுபடுத்தியது.

2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆவது பிரிவும் இதே விளக்கத்தையும் இதே எடுத்துக்காட்டுகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது. தண்டனைதான் கூடியிருக்கிறது. முன்பு மூன்றாண்டு வரை என்றிருந்த சிறைத்தண்டனை இப்போது ஐந்தாண்டு வரை விதிக்கப்படலாம், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. "அவன் காசு எதுவும் வாங்கவில்லையே, பிறகெப்படி அது மோசடி?" என்று கேட்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் மோசடி என்பது பணத்தோடு முடிவதன்று. ஏமாற்றப்படாவிட்டால் ஒருவர் செய்திருக்கமாட்டாத ஒன்றை அவரைச் செய்யத் தூண்டி, அதனால் உடலுக்கோ, மனத்துக்கோ, நற்பெயருக்கோ, உடைமைக்கோ தீங்கு விளைந்தாலும், விளையக்கூடியதாக இருந்தாலும் அதுவும் மோசடியே. மனமும் நற்பெயரும் உடைமைக்குச் சமமாக அங்கே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் "போனது காசு இல்லையே" என்று ஆறுதல் சொல்லும் இடத்தில், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

எழும்பூரில் ஒரு தீர்ப்பு

சட்டம் ஏட்டில் இருக்கும்; நடைமுறையில் நீதி கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். அதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது.

மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்மணி. அவரை மணக்க முன்பு விரும்பியிருந்த, குடும்பத்துக்கு அறிமுகமான ஒருவர், மணவிலக்குக்குப் பின் மீண்டும் அணுகினார். பெண்மணி மறுத்தார். மறுப்பைத் தாங்கிக்கொள்ள இயலாத அந்த மனிதர், அப்பெண்ணின் பெயரால் ஒரு பொய்யான மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கினார். யாஹூ செய்திக் குழுவில் அவரைப் பற்றி ஆபாசமும் அவதூறுமான செய்திகளை வெளியிட்டார். விளைவு, முன்பின் தெரியாதவர்கள் தவறான எண்ணத்தோடு அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண்மணி அழுதுவிட்டு அடங்கிப்போகவில்லை. 2004 பிப்ரவரியில் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். சென்னை இணையக் குற்றப் பிரிவினர் தடம் பிடித்துச் சென்று அந்த மனிதரை மும்பையில் கைது செய்தனர். வழக்கு எழும்பூர் நீதிமன்றத்துக்கு வந்தது.

எதிர்த்தரப்பு என்ன வாதிட்டது தெரியுமா? அந்தச் செய்திகளை முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம். அல்லது குற்றம் சாட்டப்பட்டவரைச் சிக்கவைக்க அப்பெண்மணியே அனுப்பியிருக்கலாம் என்றது. 'அவளேதான் செய்திருப்பாள்' என்ற பேச்சு நம் தெருக்களில் மட்டும் எழுவதன்று, நீதிமன்றத்திலும் எழுகிறது. ஆனால் அங்கே பேச்சு போதாது, சான்று வேண்டும். இணைய மையம் நடத்தியவர்களின் சாட்சியமும், வல்லுநர்களின் சாட்சியமும், மின்னணுப் பதிவுகளும் ஆராயப்பட்டன. 2004 நவம்பர் 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நற்பெயரைக் கெடுக்கும் நோக்கிலான போலி ஆவணம், பெண்ணின் மானத்துக்கு இழுக்கு, ஆபாசச் செய்தி வெளியீடு ஆகிய மூன்று குற்றங்களுக்கும் தண்டனை. அதிகபட்சமாக இரண்டாண்டுக் கடுங்காவல். எல்லாமாகச் சேர்த்து 5,000 ரூபாய் அபராதம். சிறைத்தண்டனைகளை ஒரே காலத்தில் அனுபவிக்க வேண்டும் என்பது உத்தரவு.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தண்டனையில் முடிந்த தொடக்க கால வழக்குகளில் முதன்மையானதாக இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். புகார் கொடுத்த நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே ஓராண்டு கூட ஆகவில்லை. அவ்வழக்கு வென்றதற்குக் காரணம் புதிய சட்டம் மட்டுமன்று. அந்தப் பெண்மணி காலம் தாழ்த்தாமல் வாய் திறந்தார். அதுவும் ஒரு காரணம்.

இன்றைய சட்டம் கூறுவது

எழும்பூர் வழக்கு நடந்தபோது இணைய ஆள்மாறாட்டத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008-இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2009 அக்டோபர் 27-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் இரண்டு முக்கியப் பிரிவுகள் பிறந்தன.

முதலாவது 66சி. பிறருடைய மின்னணுக் கையொப்பத்தையோ, கடவுச்சொல்லையோ, அவருக்கே உரிய தனித்த அடையாளத்தையோ வஞ்சகமாகவோ நேர்மையற்ற முறையிலோ பயன்படுத்துவது குற்றம். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைபவர் இதில் நேரடியாகச் சிக்குவார்.

இரண்டாவது 66டி. தகவல் தொடர்புக் கருவி அல்லது கணினியின் வாயிலாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது குற்றம். உங்கள் வாப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, "புது எண் மகனே, அவசரமாகப் பணம் அனுப்பு" என்று கேட்பவரும் இதில் அடங்குவார். குரலையே போலியாக உருவாக்கிக் கேட்பவரும் அடங்குவார்.

இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. செயலின் தன்மைக்கேற்ப வேறு பிரிவுகளும் சேரும். ஆபாசம் கலந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு. நற்பெயரைக் கெடுக்கும் நோக்கில் போலி மின்னணுப் பதிவு உருவாக்கினால் நியாய சன்ஹிதாவின் 336-ஆவது பிரிவு. அவதூறுக்கு 356-ஆவது பிரிவு.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முழுமையாக ரத்துச் செய்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே கைது என்ற அளவுக்கு அது பரந்திருந்ததும், கருத்துரிமையை அது நெரித்ததுமே காரணம். "அந்தச் சட்டம் போய்விட்டது, இனிக் கவலை இல்லை" என்று சிலர் நினைக்கிறார்கள். போனது 66ஏ மட்டுமே. 66சி-யும் 66டி-யும் அப்படியே இருக்கின்றன.

புனைபெயர் குற்றமா?

அப்படியானால் சொந்தப் பெயரை மறைத்து எழுதுவோர் எல்லாம் குற்றவாளிகளா? இல்லை. கீழக்கரை தந்த ஷாகுல் ஹமீது 'இன்குலாப்' என்ற பெயரில் கவிதை எழுதினார். ரங்கராஜன் தம் துணைவியாரின் பெயரான 'சுஜாதா'வைப் புனைபெயராகக் கொண்டார். வாசகரை ஏமாற்றி எதையும் பறிப்பது அவர்கள் நோக்கமன்று. புனைபெயருக்குப் பின்னால் எழுத்தாளர் தம் எழுத்துக்குத் தாமே பொறுப்பேற்கிறார். ஆள்மாறாட்டம் செய்பவனோ தன் செயலின் பொறுப்பை இன்னொருவர் தலையில் சுமத்துகிறான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் நியாயமும் விளங்கும்; சட்டமும் விளங்கும்.

நையாண்டியும் இப்படித்தான். படிப்பவர் எவரும் உண்மையென நம்ப இடமில்லாத கேலி வேறு. நம்பவேண்டும் என்றே செய்யப்படும் பாவனை வேறு. நம் நாட்டுச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. அந்த நோக்கத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரின் வாயிலிருந்து மட்டும் நீதிமன்றம் அறிந்துகொள்வதில்லை. அவர் செய்த செயல்களிலிருந்தும் அறிந்துகொள்கிறது.

"சும்மா விளையாட்டுக்குத்தான்!"

இதுவரை பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொன்னோம். மகன்களைப் பெற்றவர்களும் சற்று அருகில் வாருங்கள். போலிக் கணக்குத் தொடங்குபவன் எங்கிருந்தோ வந்த அரக்கன் அல்லன். பல நேரங்களில் அவன் உடன் படிப்பவன், பக்கத்துத் தெருக்காரன், சொந்தக்காரன். மாட்டிக்கொண்ட பின் அவன் சொல்லும் முதல் வார்த்தை "விளையாட்டு". உடனிருந்த நண்பன் சொல்வது, "நான் படம் மட்டும்தான் கொடுத்தேன்".

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 84பி பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அக்குற்றத்துக்கு உரிய தண்டனையையே விதிக்கிறது. எது நடக்கப்போகிறது என்பதை அறிந்தே படம் கொடுத்தவர், எண் கொடுத்தவர், கணக்குத் தொடங்க உதவியவர் எவரும் "நான் ஓரமாக நின்றேன்" என்று தப்ப இயலாது. முயற்சி தோற்றாலும் 84சி பிரிவு இருக்கிறது.

மகன் செய்த குற்றத்துக்காக வாப்பாவைச் சிறையில் அடைப்பதில்லை; குற்றவியல் பொறுப்பு செய்தவருடையதே. ஆனால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் காவல்துறை முதலில் தட்டும். பதினெட்டு வயது நிறையாதவனாயின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். சிறைக்குப் பதில் சீர்திருத்தம் என்பது அச்சட்டத்தின் நோக்கம். ஆயினும் ஒரு பிள்ளை அந்த வாசலை மிதிக்குமுன் வீட்டிலேயே ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

கடல் கடந்து வாழ்வோருக்குத் தனியாக ஒரு சொல். வெளிநாட்டில் அமர்ந்து செய்தால் இந்தியச் சட்டம் தொடாது என்று எண்ணவேண்டாம். இந்தியாவிலுள்ள கணினியோ வலைப்பின்னலோ அச்செயலில் தொடர்புபட்டிருந்தால், செய்தவர் எந்த நாட்டவராயினும் அவரைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது 75-ஆவது பிரிவு. அமீரகத்திலோ நிலைமை இன்னும் கடுமை. 2022 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி, பிறர் பெயரில் போலிக் கணக்கை உருவாக்குவதே குற்றம். அதற்குச் சிறையோ, 50,000 முதல் 200,000 திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தக் கணக்கைக் கொண்டு உரியவருக்குத் தீங்கு செய்தால் சிறை குறைந்தது இரண்டாண்டு. பல ஆண்டு உழைப்பையும் குடும்பத்தின் நம்பிக்கையையும் ஒரு விளையாட்டுக்காகப் பணயம் வைக்கலாமா?

நேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், ஆத்திரத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். போலிக் கணக்கின் பக்கத்தையும் செய்திகளையும் நாளும் நேரமும் தெரியும்படி திரைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே திரைப்படம் என்பது கைப்பேசித் திரையைப் பிடித்து வைக்கும் 'ஸ்கிரீன்ஷாட்'. கணக்கின் முழு இணைய முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்; பெயரை மாற்றிவிடலாம், முகவரி தடம் காட்டும். செய்தி வந்த கைப்பேசியைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் ஒப்படைக்க, முன்பு 65பி என வழங்கிய, இப்போது சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் இருக்கும் சான்றிதழ் தேவைப்படும். வழக்கறிஞர் அதற்கு வழி காட்டுவார்.

அடுத்து, போலிக் கணக்குக்காரனோடு வாதாடாதீர்கள். மிரட்டினால் அவன் கணக்கை அழித்துவிட்டு மறைவான்.

மூன்றாவதாக, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். உருமாற்றிய படங்கள் உள்ளிட்ட ஆள்மாறாட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் விதிகள் கெடு வைத்தன. இதற்கான காலம் மணிக்கணக்கில் அளக்கப்படுவது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவதாக, காவல்துறையிடம் செல்லுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும், மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையமும் உள்ளன. "இது எங்கள் எல்லையில் வராது" என்று நிலையத்தில் சொன்னால் தளரவேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தர வழி செய்கிறது. மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட்டால் போதும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன்பின் நீதித்துறை நடுவரை நாடலாம்.

இதில் காலமே பெரிய பகைவன். கணக்கு மூடப்பட்டபின், அதைத் தொடங்கியபோது பெறப்பட்ட விவரங்களை 180 நாட்கள் வைத்திருக்குமாறு 2021 விதிகள் நிறுவனங்களைப் பணித்தன. அந்த ஆறு மாதத்தை "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற அச்சத்திலேயே கழித்துவிட்டால், குற்றவாளியின் தடத்தை நாமே துடைத்துக் கொடுத்தவர்களாவோம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கலாம் என்று இழுத்தடிக்கும் இடங்களிலும் இதுவே நிகழ்கிறது. பேசுவது தவறன்று, சான்றைக் காத்துக்கொண்டு, புகாரைப் பதிந்துவிட்டுப் பேசுங்கள்.

இப்போது, தொடக்கத்தில் கண்ட அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மகள் நடுங்கி நிற்கிறாள். "அது நானில்லை, உம்மா!" என்கிறாள். குற்றம் பெயரைத் திருடியவனுடையது. பெயருக்கு உரியவளுடையது அன்று. சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. இன்னும் சொல்ல வேண்டியது வீடுதான். கைப்பேசியைப் பறிக்கும் கை அவள் தோளைத் தொடட்டும். "நீ இல்லை என்று எனக்குத் தெரியும். வா, வாப்பாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் புகார் எழுதிக் கொடுப்போம்" என்று அந்த உம்மா சொல்லட்டும்.

அதைச் சொல்லும் வீட்டில் பெண்ணின் கல்வி நிற்காது. திருடியவனின் உறக்கந்தான் கெடும்.